இணையத்தில் கடை போட்டால் ஆள் வருமா?

 

தாராவியில் விடியற்காலை நாலு மணிக்கு என்ன சத்தம் கேட்கும்? கிரைண்டர் சத்தம் கேட்கும். சந்துக்குச் சந்து இட்லி வேகும் வாசனை வரும். ஆறு மணிக்குள் பெரிய பாத்திரம் சைக்கிளில் ஏறிவிடும். சட்னி வாளி ஒரு பக்கம், சாம்பார் வாளி ஒரு பக்கம். அண்ணன் சைக்கிளை மிதிப்பார். கையில் ரப்பர் ஹார்ன். பாம், பாம் என்று அமுக்குவார்.

சத்தம் கேட்டதும் மாடியில் இருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்ப்பார். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு ஓடி வரும்.

இட்லிக்கார அண்ணன் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாரா? இல்லை. சுவரில் போஸ்டர் ஒட்டினாரா? அதுவும் இல்லை. பிறகு எப்படி ஆள் வருகிறது?

தினமும் அதே தெரு. அதே நேரம். அதே ஹார்ன். இட்லியும் நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான். இன்று பேசப் போகும் விஷயத்தில் பாதியை அந்த அண்ணன் ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கிறார். மீதிப் பாதி செல்போனில் இருக்கிறது.

இன்றைய பேச்சு இணையத்தைப் பற்றியது. இணையத்தில் எழுதுவது, படம் போடுவது, வீடியோ போடுவது. போட்டதை நாலு பேர் வந்து பார்க்கும்படி செய்வது.

இணையம் என்பது என்ன? உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று இணைத்த வலை. டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர் இந்த வலையில் பக்கங்களை எழுதி வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1991ல் அது வெளி உலகத்துக்கு வந்தது. 1995 ஆகஸ்ட் 15ல் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது. மும்பை அதில் முதல் வரிசை ஊர். அதே 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் தமிழ் எழுத்து இணையப் பக்கத்தில் ஏறியது. அதற்கு உழைத்தவர் நா. கோவிந்தசாமி. அவர் ஓர் எழுத்தாளர், ஆசிரியர்.

அந்த நாளில் இணையம் பணக்காரர் வீட்டுப் பொருள். மற்றவர்கள் கடைக்குப் போய் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பார்த்தார்கள். 2016ல் ஜியோ வந்தது. நெட் விலை சரிந்தது. கூலி வேலைக்குப் போகிறவர் கையிலும் இணையம் வந்து சேர்ந்தது.

சரி, வந்து சேர்ந்தது. அதை வைத்து என்ன செய்கிறோம்? மற்றவர்கள் போட்டதைப் பார்க்கிறோம். பார்த்துக்கொண்டே இருக்கிறோம். சோறு பொங்கி வழிந்தாலும் தெரியாமல் பார்க்கிறோம். போடுகிறவர்கள் எங்கோ இருக்கிறார்கள் என்று நினைக்கிறோம்.

ஓர் அக்காவின் கதையைக் கேளுங்கள். பெயர் வேண்டாம். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். 90 அடி ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்து. பத்துக்குப் பத்து அறை. அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஊர். கை முறுக்கு சுற்றுவதில் கெட்டிக்காரி. கணவர் தோல் பைப் பட்டறையில் தையல் வேலை. ஒரு வருடம் பட்டறையில் ஆர்டர் குறைந்தது. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அடுத்து நர்சிங் படிக்க ஆசை. அதற்குப் பணம் வேண்டும்.

அக்கா முறுக்கு சுட்டுப் பக்கத்துக் கடையில் போட்டார். கடைக்காரர் பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய்கூட லாபம் நிற்காத விலைதான் கொடுத்தார். அப்போது தங்கை மகன் சொன்னான்.

"பெரியம்மா, முறுக்கு சுடுறதை வீடியோ எடுத்து யூடியூப்ல போடுவோம். ஊரே வந்து வாங்கும்."

அக்கா நம்பினார். பையன் வீடியோ எடுத்தான். பாட்டு சேர்த்தான். தலைப்பு வைத்தான். என்ன தலைப்பு? "சூப்பர் வீடியோ, மிஸ் பண்ணாதீங்க." அதையும் ஆங்கில எழுத்தில் வைத்தான்.

ஒரு வாரம் ஆனது. பார்த்தவர்கள் பதினொரு பேர். அதில் ஆறு பேர் சொந்தக்காரர்கள். ஒரு ஆர்டர்கூட வரவில்லை.

"ஊரே வரும்னியே, எங்கடா ஊரு?" என்று அக்கா கேட்டார். பையன் தலையைச் சொறிந்தான்.

ஏன் ஊர் வரவில்லை?

யூடியூப்பும் கூகுளும் பெரிய சந்தை மாதிரி. தாதர் மார்க்கெட்டைப் போல ஆயிரம் மடங்கு பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு மூலையில், போர்டு இல்லாத கடையில், சாக்குப் போட்டு மூடி முறுக்கு வைத்தால் யாருக்குத் தெரியும்? முறுக்கு நல்ல முறுக்குதான். ஆனால் அங்கே முறுக்கு இருப்பது தெரிய வேண்டுமே.

ஒருவர் கூகுளில் எதையாவது தேடும்போது என்ன நடக்கிறது? கூகுளிடம் ஒரு பெரிய கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதன் கம்ப்யூட்டர்கள் இரவு பகலாக இணையப் பக்கங்களைப் படித்துக்கொண்டே இருக்கும். எந்தப் பக்கத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று குறித்து வைக்கும். நீங்கள் "கை முறுக்கு" என்று எழுதினால், அந்தச் சொல் உள்ள பக்கங்களை எடுத்துக் கொடுக்கும். பலர் பார்த்து நல்லது என்று நின்ற பக்கங்களை முன்னால் வைக்கும். "சூப்பர் வீடியோ" என்று எழுதித் தேடுகிறவர் யார்? யாரும் இல்லை. முறுக்கு வேண்டும் என்கிறவர் முறுக்கு என்றுதான் எழுதுவார்.

ஆகவே தலைப்பு என்பது கடை போர்டு. போர்டில் என்ன எழுத வேண்டும்? என்ன பொருள், எந்த ஊர். "தாராவியில் வீட்டுக் கை முறுக்கு" என்று எழுதலாம். வாங்குகிறவர் வாயில் வரும் சொல் எதுவோ அந்தச் சொல்.

இங்கே மும்பையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நாம் முறுக்கு என்கிறோம். மராட்டியர்கள் தங்கள் முறுக்கைச் சக்லி என்பார்கள். குஜராத்திக்காரர்கள் சக்ரி என்பார்கள். மாவு கொஞ்சம் வேறு, ருசி கொஞ்சம் வேறு. ஆனால் தீபாவளி வந்தால் எல்லோர் வீட்டிலும் வேண்டும். மாட்டுங்காவில் இருக்கும் தமிழ் மாமி முறுக்கு என்று தேடுவார். செம்பூரில் இருக்கும் மராட்டிய அம்மா சக்லி என்று தேடுவார். தலைப்பில் முறுக்கு என்று மட்டும் இருந்தால் அந்த அம்மாவுக்கு அக்காவின் கடை தெரியாமலே போகலாம். தமிழ் எழுத்தில் ஒரு சொல், மராட்டி எழுத்தில் ஒரு சொல் போட்டால் இரண்டு வாசல் திறக்கும்.

இதைக் கேட்டதும் அக்கா ஒரு முடிவு எடுத்தார். இனி தலைப்பைத் தானே எழுதுவது என்று. மாலை வகுப்பில் எழுத்துக் கற்று ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. செல்போனில் தமிழ் எழுத்துப் பலகையைப் பையன் வைத்துக் கொடுத்தான். அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். "தாராவி கை முருக்கு." அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஒருவர் கீழே எழுதியிருந்தார், வல்லின ற போட வேண்டும் என்று. அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு நாள் போனையே தொடவில்லை. பிறகு மகளிடம் கேட்டுத் திருத்தினார். தலைப்பை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். பிழை வந்தால் உலகம் இடிந்து விழாது. படித்தவர்கள் போடும் தலைப்பில் இருக்கும் பிழைகளைப் பார்த்தால் நமக்கே தைரியம் வந்துவிடும்.

எழுதக் கஷ்டமாக இருக்கிறதா? எழுத்துப் பலகையில் ஒரு சின்ன மைக் படம் இருக்கும். அதைத் தொட்டுப் பேசினால் போன் தமிழில் எழுதும். ஆனால் எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். "முறுக்கு கிலோ" என்று சொன்னால் வேறு ஏதாவது எழுதி வைக்கும். அதைக் கண்டுபிடிக்கவாவது படிக்கத் தெரிய வேண்டும்.

பெரிய கேமரா வேண்டாமா, பெரிய செலவு ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். யூடியூப்பில் ஏறிய முதல் வீடியோ எது தெரியுமா? 2005 ஏப்ரல் 23 அன்று ஜாவேத் கரீம் என்பவர் போட்டது. அவர் யூடியூப்பைத் தொடங்கிய மூவரில் ஒருவர். அமெரிக்காவில் ஒரு மிருகக்காட்சி சாலை. யானைக்கு முன்னால் நின்று யானையின் தும்பிக்கையைப் பற்றி ஏதோ சொல்கிறார். மொத்தம் 19 நொடி. முடிந்துவிட்டது. அதைவிட நம் அக்காவின் முறுக்கு வீடியோ எவ்வளவோ மேல்.

இன்னும் பக்கத்தில் பார்ப்போம். குர்லா நமக்குத் தூரமா? அங்கே நாவேத் ஷேக் என்ற இளைஞர். நேஸி என்ற பெயரில் ராப் பாடுவார். ராப் என்றால் தாளத்தோடு வேகமாகப் பேசுவது போன்ற பாட்டு. ஸ்டூடியோவுக்குப் பணம் இல்லை. கையில் ஓர் ஐபேட் மட்டும் இருந்தது. அதிலேயே பாடினார். அதிலேயே தன் தெருவில் படம் எடுத்தார். 2014ல் "ஆஃபத்" என்ற அந்தப் பாட்டை யூடியூப்பில் போட்டார். பாட்டு நகரம் முழுவதும் பரவியது. 2019ல் வந்த "கல்லி பாய்" இந்திப் படம் அவரையும் டிவைன் என்ற இன்னொரு பாடகரையும் பார்த்துத்தான் எடுக்கப்பட்டது.

தாராவியிலேயே ஒரு குழு உண்டு. டோப்அடெலிக்ஸ் என்று பெயர். டோனி செபாஸ்டியன், ராஜேஷ் ராதாகிருஷ்ணன் முதலிய தாராவி இளைஞர்கள் சேர்ந்தது. இந்தியில் பாடுவார்கள், மராட்டியில் பாடுவார்கள், தமிழிலும் பாடுவார்கள். போலீஸ் தொல்லையைப் பற்றிக்கூட ஒரு பாட்டு உண்டு. இணையத்தில் போட்டுப் போட்டு ஆட்களைச் சேர்த்தார்கள். 2018ல் ரஜினிகாந்த் நடித்த "காலா" வந்தது அல்லவா? பா. ரஞ்சித் இயக்கியது. தாராவித் தமிழர்களின் கதை. அந்தப் படத்தின் பாட்டுகளில் இவர்களுடைய குரல் இருக்கிறது. திரையிலும் வருகிறார்கள்.

வெளியில் இருந்து கேமராவோடு தாராவிக்கு வந்தவர்கள் நிறையப் பேர். 2008ல் வந்த "ஸ்லம்டாக் மில்லியனர்" படத்துக்குப் பிறகு இன்னும் கூடிவிட்டது. சாக்கடையைப் படம் எடுப்பார்கள். குப்பையைப் படம் எடுப்பார்கள். சாக்கடை இருப்பது உண்மைதான், யார் இல்லை என்றது? ஆனால் சயான் பாந்த்ரா லிங்க் ரோட்டில் வரிசையாக இருக்கும் தோல் கடைகளும் உண்மைதான். கும்பார்வாடாவில் சக்கரத்தில் சுழலும் மண் விளக்கும் உண்மைதான். நாலு மணி இட்லியும் உண்மைதான். அதையெல்லாம் இங்கே இருப்பவர்கள்தான் காட்ட வேண்டும்.

2014ல் மேகா குப்தா என்ற பெண் ஒரு முயற்சி செய்தார். "தாராவி மார்க்கெட் டாட் காம்" என்று இணையக் கடை தொடங்கினார். தாராவித் தொழிலாளர்கள் செய்யும் தோல் பை, மண்பாண்டம் போன்ற பொருட்களின் படங்களை அதில் போட்டு விற்றார். வாங்குகிறவர் எங்கே இருந்தாலும் பரவாயில்லை. தாராவி என்ற பெயரை மறைக்காமல், அந்தப் பெயரையே போர்டாக வைத்தார். அதுதான் அந்த முயற்சியில் பிடித்துக்கொள்ள வேண்டியது.

இனி ஊர்ப் பக்கம் போவோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்ன வீரமங்கலம் என்ற கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பம். பெரியதம்பி என்ற தாத்தா, அவருடைய பேரன்மார்கள். 2018ல் "வில்லேஜ் குக்கிங் சேனல்" என்று யூடியூப்பில் தொடங்கினார்கள். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வயல் ஓரம்தான் அடுப்படி. பெரிய அண்டாவில் சமையல். ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே போடுவார்கள். மஞ்சள், மல்லி, மிளகாய். பக்கத்து ஊர் வரை கேட்கும்! சமைத்ததை முதியோருக்கும் ஏழைகளுக்கும் பரிமாறுவார்கள்.

2021 ஜனவரியில் ராகுல் காந்தி வந்து அவர்களோடு உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். அதே ஆண்டு ஜூலையில் அவர்கள் சேனலில் சேர்ந்தவர்கள் 1 கோடியைத் தொட்டார்கள். தமிழ் சேனல்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுதான். கொரோனா நிவாரணத்துக்கு முதலமைச்சரிடம் 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்.

அவர்கள் என்ன செய்தார்கள்? சென்னை ஹோட்டல் மாதிரி நடிக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த சமையலை, தங்கள் ஊரில், தங்கள் வேட்டி துண்டோடு செய்தார்கள். அதிகம் பேசுவதும் இல்லை. அதனால் தமிழ் தெரியாதவர்களும் பார்த்தார்கள். மறுபடி மறுபடி போட்டார்கள். இட்லிக்கார அண்ணனின் ஹார்ன் நினைவுக்கு வருகிறதா?

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஒருவர் கோடியைத் தொட்டால், அதே வேலையைச் செய்து ஆயிரத்தைக்கூடத் தொடாதவர்கள் எத்தனையோ பேர். யூடியூப் விளம்பரக் காசில் பங்கு கொடுப்பதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது. குறைந்தது 1000 பேர் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு வருடத்தில் மக்கள் அந்த வீடியோக்களைப் பார்த்த நேரம் 4000 மணி நேரம் இருக்க வேண்டும். குட்டி வீடியோவுக்கு வேறு கணக்கு. 4000 மணி நேரம் என்பது சின்ன விஷயம் இல்லை. அதை நம்பி வேலையை விடக் கூடாது.

அக்காவுக்கு அந்தக் கோடி தேவையே இல்லை. யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் பத்தாயிரம் பேர் அக்காவின் வீடியோவைப் பார்த்து என்ன பயன்? அவர்களுக்கா முறுக்கு அனுப்ப முடியும்? மாட்டுங்காவில் இருபது வீடு, செம்பூரில் இருபது வீடு. இந்த நாற்பது வீடு பார்த்தால் போதும். அடுப்பு எரியும்.

அந்த நாற்பது வீட்டுக்கு எப்படிப் போவது? அக்கா இப்படிச் செய்தார். பாக்கெட்டில் ஒரு சீட்டு வைத்தார். அதில் போன் நம்பரும் சேனல் பெயரும் இருந்தன. மாட்டுங்கா பூ மார்க்கெட்டில் பூக் கட்டும் ஒரு சிநேகிதியிடம் பத்து பாக்கெட் கொடுத்தார். செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் போகும் ஒரு மதினியிடம் பத்து கொடுத்தார். சாப்பிட்டவர்கள் சீட்டைப் பார்த்தார்கள். போனில் தேடினார்கள். எண்ணெய் சுத்தமா, கை சுத்தமா என்று வீடியோவில் பார்த்தார்கள். பிறகு கூப்பிட்டார்கள். இணையத்துக்கு ஆள் வந்தது காகிதச் சீட்டு வழியாக! இதைச் சொன்னால் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வீடியோவிலும் சில மாற்றம் செய்தார். தாராவி அறையில் வெளிச்சம் ஏது? காலை எட்டு மணிக்கு வாசல் பக்கம் அடுப்பை நகர்த்தினார். வெளிச்சம் முன்னால் இருந்து முகத்தில் விழும்படி உட்கார்ந்தார். மின்விசிறியை நிறுத்தினார், இல்லையென்றால் அந்தச் சத்தம்தான் கேட்கும். போனை எவர்சில்வர் டப்பாவில் சாய்த்து ஆடாமல் வைத்தார். முதலில் வணக்கம், நலமா, சேனலில் சேருங்கள் என்றெல்லாம் இரண்டு நிமிடம் பேசவில்லை. எடுத்த உடனே விரல் முறுக்கு சுற்றுவதைக் காட்டினார். பார்க்கிறவர் முதல் பத்து நொடியில் முடிவு செய்துவிடுவார், இருப்பதா போவதா என்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு வீடியோ. மழையானாலும் வெள்ளிக்கிழமைதான்.

கடை நடத்துகிறவர்கள் கூகுள் வரைபடத்திலும் கடையின் பெயரைப் பதியலாம். அதற்குக் காசு கிடையாது. பதிந்து தருகிறேன், கூகுள் கட்டணம் கொடு என்று யாராவது வந்தால் அவர் கூகுள் ஆள் இல்லை. சாப்பாட்டுப் பொருள் விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் செய்தாலும் வேண்டும்.

அக்காவிடம் ஒருவன் வந்தான். போனில்தான் வந்தான். "ஆயிரம் ரூபாய் அனுப்புங்க அக்கா, ஒரே ராத்திரியில் ரெண்டாயிரம் பேரைச் சேர்த்து விடுறேன்" என்றான். அக்கா மூன்று நாள் யோசித்தார். மகளின் பரீட்சைக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் இருந்தது. அதில் ஆயிரம் அனுப்பிவிட்டார்.

மறுநாள் எண்ணிக்கை ஏறியிருந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒருவர்கூட வீடியோ பார்க்கவில்லை. ஒருவர்கூட முறுக்கு கேட்கவில்லை. அவர்கள் மனிதர்களே இல்லை, கம்ப்யூட்டர் உண்டாக்கிய பொய்ப் பெயர்கள். அடுத்த மாதம் யூடியூப் அந்தப் பெயர்களை நீக்கிவிட்டது. அது அவர்கள் வழக்கம். பொய்க் கணக்குக் காட்டினால் சேனலையே மூடவும் செய்வார்கள். போன் செய்தவன் நம்பர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. ஆயிரம் ரூபாய் என்றால் அக்காவுக்கு எத்தனை முறுக்கு? மகள் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவுக்கு அதுதான் அதிக வருத்தம்.

பணம் விஷயத்தில் இன்னொன்று. யுபிஐ மூலம் பணம் வாங்குகிறீர்கள். பணம் வருவதற்கு ரகசிய எண் தேவையில்லை. பணம் போவதற்குத்தான் தேவை. "உங்களுக்குப் பணம் அனுப்புறேன், பின் நம்பரைப் போடுங்க" என்று ஒருவர் சொன்னால் அவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். அரசாங்கத்தின் எண் அது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

டிக்டாக் நினைவிருக்கிறதா? எத்தனை பேர் அதில் ஆடினார்கள், பாடினார்கள்! லட்சக்கணக்கில் ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீன ஆப்களைத் தடை செய்தது. டிக்டாக்கும் அதில் ஒன்று. சேர்த்து வைத்த ஆட்கள் எல்லாம் போய்விட்டார்கள். யூடியூப், இன்ஸ்டாகிராம் எல்லாம் வாடகை இடம்தான். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் என்ன ஆகும் என்று தாராவிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? அதனால் வாங்குகிறவர்களின் பெயரையும் போன் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கையால், பேனாவால். அக்காவின் நோட்டு இப்போது மூன்றாவது ஓடுகிறது.

போடுகிறவருக்கு ஒரு பொறுப்பும் உண்டு. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

2018ல் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றியது. மோட்டார் சைக்கிளில் வரும் இரண்டு பேர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று எழுதி எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பினார்கள். உண்மை என்ன? அது கராச்சியில் எடுத்த விளம்பரப் படம். குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக எடுத்தது. கடைசியில் அவர்களே குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு, எச்சரிக்கை அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள்.

அந்த மாதிரி வதந்திகளால் என்ன ஆனது? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பத்தை ஊரார் பிடித்தார்கள். வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள் என்பதுதான் சந்தேகம். அடித்ததில் வயதான ஓர் அம்மா இறந்துபோனார். ஜூலை 1 அன்று நம் மகாராஷ்டிராவில், துலே மாவட்டம் ராயின்பாடா கிராமத்தில், பிச்சை கேட்டு வந்த நாடோடிகள் ஐந்து பேரை அடித்தே கொன்றார்கள். ஐந்து பேர். அந்த மாதமே வாட்ஸ்அப் கம்பெனி, வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு போட்டது.

அனுப்பியவர்கள் யாரும் கம்பு எடுக்கவில்லை. விரலால் தொட்டார்கள், அவ்வளவுதான். அவர்களில் நன்றாகப் படித்தவர்களும் இருந்தார்கள். செய்தி எங்கே நடந்தது, எப்போது நடந்தது, யார் சொன்னது என்று கேளுங்கள். பதில் இல்லையா? அனுப்ப வேண்டாம். ஆள் நிறைய வருவார்கள் என்பதற்காகப் பயமுறுத்தும் தலைப்பு வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆள் வரத்தான் செய்வார்கள். தெருச் சண்டைக்கும் கூட்டம் வரும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணையோ பிள்ளைகளையோ கேட்காமல் படம் எடுத்துப் போடக் கூடாது. சந்து குறுகலானது. கேமராவைத் திருப்பினால் நாலு குடும்பம் படத்தில் விழும். பின்னால் துணி உலர்த்தும் மதினிக்குத் தன் படம் உலகம் சுற்றுவது பிடிக்காமல் இருக்கலாம். அக்கா ஒரு பழைய சேலையைப் பின்னால் திரையாகக் கட்டிக்கொண்டார். அது பச்சைச் சுங்கடிச் சேலை. இப்போது பார்க்கிறவர்களுக்கு அந்தச் சேலைதான் அடையாளம். "பச்சைச் சேலை முறுக்கு அக்காவா?" என்றுதான் போனில் கேட்கிறார்கள்.

அக்காவின் சேனலில் சேர்ந்தவர்கள் இன்னும் ஆயிரத்தைத் தொடவில்லை. யூடியூப்பில் இருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை. போன தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, "இனி ஆர்டர் எடுக்க முடியாது, மன்னிக்கவும்" என்று அக்காவே எழுதிப் போட வேண்டியிருந்தது. கணவர் பட்டறைக்கு லீவு போட்டு மாவு சலித்தார். தங்கை மகன் செம்பூருக்கும் மாட்டுங்காவுக்கும் லோக்கல் ரயிலில் பை தூக்கினான். இனிமேல் தலைப்பு நான் வைக்க மாட்டேன் பெரியம்மா என்று சொல்லிவிட்டான். மகள் நர்சிங்கில் சேர்ந்துவிட்டாள். முதல் வருடக் கட்டணத்தில் பாதி கட்டியாயிற்று. மீதிப் பாதி பொங்கலுக்குள் கட்ட வேண்டும்.

வரும் வெள்ளிக்கிழமை தேன்குழல். அதற்கு மராட்டியில் என்ன பெயர் எழுதுவது என்று மூன்று நாளாகப் பக்கத்து வீட்டு மாவ்ஷியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.